முதல் நாள் ஓர் அறை வரையுங்கள்

கணினியில் வரைபடம் வரையும் ஆட்டோகேடு மென்பொருளைக் கற்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது: உங்கள் அறையை டேப் பிடித்து அளந்து வாருங்கள். 3000-க்கு 3600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

யுஎன் (UN, அலகுக்கான கட்டளை) என்று தட்டி, அலகை மில்லிமீட்டர் என்று வையுங்கள். எஃப்8 விசையைப் போட்டால் கோடு கோணல்மாணலாகப் போகாது. அப்புறம் கோடு வரைய எல் (L), என்டர். ஓரிடத்தில் கிளிக் செய்து, மவுஸை வலப்பக்கம் நகர்த்தி 3000, என்டர். மேலே 3600, இடப்பக்கம் 3000, கடைசியில் சி (C), என்டர். அறை மூடிக்கொள்ளும். திரையில் எப்போதும் முழு அளவுதான். சுருக்குவது பிரிண்ட் எடுக்கும்போது. 1:50-இல் அந்த 3600 தாளில் 72 மில்லிமீட்டராக வரும்.

ஒன்பது அங்குலச் சுவருக்கு ஓ (O, இணைகோடு போடும் கட்டளை), 230. ஒவ்வொரு கோட்டையும் தொட்டு, வெளிப்பக்கம் கிளிக் செய்யுங்கள். நான்கு மூலையும் பிளந்து நிற்கும், பயப்பட வேண்டாம். எஃப் (F, மூலை சேர்க்கும் கட்டளை), ஆர் (R, வளைவின் ஆரம்), 0 கொடுத்து அடுத்தடுத்த இரண்டு வெளிக்கோடுகளைத் தொட்டால் மூலை சேர்ந்துவிடும்.

கோட்டின் முனையைச் சரியாகப் பிடித்துக்கொடுக்கும் எஃப்3-ஐ அணைக்கவே அணைக்காதீர்கள். ஆரம்பத்தில் நான் கண் மதிப்பில் முனைகளைச் சேர்த்தேன். சுவருக்குள் ஹேட்ச் (உள்ளே நிரப்பும் கோட்டு வடிவம்) விழவே இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு மூலையில் முடி அளவு இடைவெளி! அதைத் தேடியே ஒரு மதியம் போயிற்று.

சுவர், கதவு, அளவுக்கோடு மூன்றுக்கும் தனித்தனி லேயர் (அடுக்கு) வையுங்கள். சரி, நாளைக்கு இதே அறைக்கு 900 மில்லிமீட்டரில் ஒரு கதவு போடுங்கள்.