மோப்பத் தடப் போட்டி: நாய் செய்யாத தவறுகள்

போட்டி முடிந்ததும் வயலோரத்தில் முதலில் காதில் விழுவது, "இன்னைக்கு நாய்க்கு மூடே இல்ல சார்" என்பதுதான். நடுவர் எழுதிய குறிப்பைப் பார்த்தால் வேறு கதை இருக்கும். திருப்பத்தில் கயிறு இறுகியது, பொருள் கிடந்த இடத்தில் ஹேண்ட்லர், அதாவது கயிறு பிடித்து நாயை நடத்துபவர், தயங்கினார், நாய் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கட்டளை கொடுத்தார். மதுரைப் பக்கம் இந்தப் பயிற்சியில் இறங்குபவர்கள் நாயின் மூக்கைப் பற்றித்தான் நிறையக் கவலைப்படுகிறார்கள். அந்த மூக்கு பெரும்பாலும் சரியாகத்தான் வேலை செய்கிறது. மனிதருக்கு ஏறத்தாழ 60 லட்சம் மோப்ப ஏற்பிகள் என்றால் நாய்க்கு 20 கோடிக்கும் மேல் என்பது பொதுவான கணக்கு. சொதப்பல் நடப்பது கயிற்றின் இந்த முனையில்.

புதிதாக வருபவர்களுக்காகத் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவர் வயலில் நடந்து தடம் போடுவார். வழியில் தோல், துணி, மரம் என்று சில சிறு துண்டுகளைப் போட்டுவிட்டுப் போவார். குறித்த நேரம் கழித்து நாய் அந்தக் காலடிகளை முகர்ந்துகொண்டே போய்ப் பொருட்களைக் காட்ட வேண்டும். உலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. நடத்தும் ஐ.ஜி.பி. என்ற நாய்த் தேர்வின் விதிகளில் முதல் நிலைக்கு ஹேண்ட்லரே போட்ட 300 தப்படித் தடம், 20 நிமிடப் பழசு. மூன்றாம் நிலைக்கு வேறு ஆள் போட்ட 600 தப்படி, நான்கு திருப்பம், மூன்று பொருள், ஒரு மணி நேரப் பழசு. 100க்கு 70 எடுத்தால் தேர்ச்சி. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ஆரம்பத் தேர்வு 440 முதல் 500 கெஜம் வரை. அங்கே மார்க் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான்.

பெரிய தவறு அந்த முதல் நிலையிலேயே தொடங்குகிறது. தடம் நாமே போட்டது. அது எங்கே திரும்பும், பொருள் எங்கே கிடக்கிறது என்று நமக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதுதான் இடைஞ்சல்.

மேலூர் பக்கத்து நெல்வயல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறுப்பு முடிந்திருக்கிறது, தாளில் பனி ஈரம் காயவில்லை. நாய் நேராக வருகிறது, திருப்பத்தைத் தாண்டி ஒரு கெஜம், ஒன்றரைக் கெஜம் போய்விடுகிறது. முகரும் சத்தம் மாறுகிறது. தரையோடு ஒட்டியிருந்த மூக்கு நாலு விரற்கடை மேலே வருகிறது, வால் நிற்கிறது, கயிறு தொய்கிறது. ஹேண்ட்லர் இந்தச் சில நொடிகள் அசையாமல் நின்றால் போதும். நாய் அரைவட்டம் அடித்துப் பின்னால் வந்து, பழைய காலடியைத் தொட்டு, இடப்பக்கம் போகும் புதியதைப் பிடித்துவிடும். நிற்கத்தான் முடிவதில்லை. தோள் இடப்பக்கம் திரும்புகிறது, கை கயிற்றை லேசாக இழுக்கிறது. இழுத்தவருக்கே அது தெரியாது. நாய்க்குத் தெரியும். இது பழக்கமாகிவிட்டால் அடுத்தடுத்த திருப்பங்களில் மூக்கை விட்டுவிட்டு எஜமானைத் திரும்பிப் பார்க்கும். அப்புறம் வேறு ஆள் போட்ட தடத்தில், ஒன்றும் தெரியாத எஜமானைப் பார்த்து அது என்ன செய்யும்?

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011இல் 18 நாய்-ஹேண்ட்லர் ஜோடிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தேட வேண்டிய வாசனை எங்குமே வைக்கப்படவில்லை. ஆனால் சில இடங்களில் அடையாளம் ஒட்டி, வாசனை அங்கே இருப்பதாக ஹேண்ட்லர்களிடம் சொல்லியிருந்தார்கள். இல்லாத வாசனையை நாய்கள் கண்டுபிடித்துவிட்டதாக ஹேண்ட்லர்கள் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள், அதுவும் அடையாளம் ஒட்டிய இடங்களில் அதிகமாக. அவை போதைப்பொருள், வெடிபொருள் தேடும் நாய்கள், தடம் எடுப்பவை அல்ல. ஆனாலும் கயிறு பிடிக்கும் எவரும் யோசிக்க வேண்டிய விஷயம்.

இதற்கு வழி உண்டு. பயிற்சி ஓரளவு பிடிபட்டதும் தடத்தை வேறொருவர் போடட்டும். அவர் நமக்குப் பின்னால் தள்ளி நடந்து வந்து, நாய் நிஜமாகவே விலகிப் போனால் மட்டும் குரல் கொடுக்கட்டும். கூட வருபவர், "அண்ணே, கயித்த விடுங்கண்ணே, அது பார்த்துக்கிரும்" என்று சொல்லக்கூடியவராக இருந்தால் இன்னும் நல்லது. 10 மீட்டர்க் கயிற்றை முழுக்க விட்டுக் கடைசி முனையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பாதிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நாயின் முதுகுக்குப் பின்னாலேயே போவது நம் ஊரில் சகஜம். அது நாயை விரட்டுவது போல ஆகிவிடும்.

தொடக்கத்தில் அவசரப்படுவது அடுத்தது. கொடி நட்ட இடத்துக்கு வந்ததும் கட்டளை, உடனே நடை. 1993இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், காலடிகள் எந்தத் திசையில் போகின்றன என்று தீர்மானிக்க நாய்கள் 3 முதல் 5 நொடி எடுத்துக்கொண்டன, அதற்குள் ஒருசில காலடிகளை மட்டும் முகர்ந்தன. அந்த நொடிகளைக் கொடுக்காமல் இழுத்துப் போனால் நாய் முதல் நேர்கோடு முழுக்க இப்படியும் அப்படியும் அலையும்.

நேரமும் மண்ணும். எட்டு மணிக்கு மேல் டீயைக் குடித்துவிட்டு நிதானமாகப் புறப்படுபவர்கள் மார்கழி, தையில் தப்பித்துக்கொள்வார்கள். சித்திரையில் அது வீண் வேலை. ஈரம் இருக்கும்வரை மணம் தரையில் தங்கும். வெயில் ஏறினால் மணம் கரைவது ஒருபக்கம், நாய் வாயைத் திறந்து இரைப்பது இன்னொரு பக்கம். இரைக்கும் நாயால் ஒழுங்காக முகர முடியாது. தவிர, காலடித் தடம் என்பது மனித வாடை மட்டும் இல்லை. மிதிபட்ட புல்லும் கலைந்த மண்ணும் சேர்ந்தது. அதனால் ஒரே வயலில் பழகிய நாய்க்குத் திருமங்கலம், கள்ளிக்குடிக் கரிசல் வேறு உலகம். காய்ந்தால் பிளவு விட்டுக் கிடக்கும், நனைந்தால் பாதத்தில் அப்பிக்கொள்ளும். வைகை மணல் இன்னொரு தினுசு. எந்த மண்ணில் தேர்வோ அதில் முன்கூட்டியே சில சின்னத் தடங்களாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஆடிக்காற்றில் மணம் பக்கவாட்டில் நகரும். நாய் காலடியை விட்டு ஒரு கெஜம் தள்ளி, காற்று போகும் பக்கமாக இணையாக ஓடும். அதைத் தவறு என்று அதட்டாதீர்கள், அது மணம் இருக்கும் இடத்தில்தான் போகிறது. காலடியிலேயே மூக்கை வைக்கப் பழக்க வேண்டுமானால் காற்று குறைந்த காலையில், அடிக்கு ஒரு துண்டுத் தீனி வைத்துப் பொறுமையாகப் பழக்குங்கள்.

தூரம், பழசு, திருப்பம் மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்டுவதும் வழக்கமான பேராசை. ஒன்றைக் கூட்டினால் மற்ற இரண்டைக் குறைக்க வேண்டும்.

பொருட்களுக்கு வருவோம், மார்க் சத்தமில்லாமல் போவது இங்கேதான். ஐ.ஜி.பி.யில் நாய் பொருளை எடுத்துக் காட்டலாம், அல்லது படுத்தோ உட்கார்ந்தோ நின்றோ காட்டலாம். எதைப் பழக்குவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். படுக்கப் பழக்கிய நாயை, படுக்கவில்லை என்று பொருளுக்குப் பக்கத்திலேயே அமுக்கித் திட்டுகிறார்கள். சில நாட்களில் அந்தத் தோல் துண்டைக் கண்டாலே நாய் ஒதுங்கிப் போகும். பொருள் கிடைத்த இடம் அதற்குத் தீனி கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும். இன்னொன்று, கடையில் வாங்கிய பொருளை அப்படியே போடுவது. தடம் போடுபவர் அதை அரை மணி நேரமாவது தன் உடம்போடு வைத்திருந்தால்தான் அவர் வாடை அதில் ஏறும்.

ஆடுமாடு குறுக்கே வராத வயல் இந்த ஊரில் கிடைக்காது. குனிந்த தலையோடு போகும் நாயையும் பின்னால் கயிற்றோடு போகும் ஆளையும் பார்த்தால் கிடைக்காரர் விடமாட்டார். "என்னத்தத் தம்பி தொலச்சீக?" என்று கேட்டுக்கொண்டே மந்தையைத் தடத்தின் மேலேயே ஓட்டி வருவார். பயிற்சி கெட்டது என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். கிடை போட்ட வயலிலும் தடம் எடுக்கத் தெரிந்த நாய்க்குப் போட்டியில் எதுவும் புதிதாக இருக்காது. சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவை கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். முயலோ மயிலோ எழும்பினால் தலை மேலே போவது பிறவிக்குணம். லாப்ரடாரோடு ஒப்பிட்டுக் கோபப்படுவதில் பயன் இல்லை, கூடுதல் காலம் கொடுங்கள்.

தடம் முடிந்ததும் விரலிடுக்கில் நெருஞ்சியும் கருவேல முள்ளும் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, மறுநாள் நாய் மெதுவாகப் போகிறது என்று குறை சொல்பவர்களும் உண்டு. போட்டிக்கு முந்தின நாள் நீளமான கடினத் தடம் ஒன்றைப் போட்டுச் "சோதித்து" நாயைக் களைக்க வைப்பதும் இதே ரகம். நூறு தப்படி, ஒரு திருப்பம், ஒரு பொருள், கை நிறையத் தீனி. அன்றைக்கு அது போதும்.