வீசிங் இருக்கிறதா? ஓட ஆரம்பிப்பது இப்படித்தான்

பள்ளியில் விளையாட்டு பீரியட் வந்தால் என்னை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள். 'இழுப்புக்காரப் பிள்ளை, ஓடக் கூடாது' என்பார்கள். அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வயது ஆகிவிட்டது. 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி பெண்களுக்கான உலக சாதனை படைத்த பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபுக்கு 14 வயதிலிருந்தே ஆஸ்துமா. ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் தாராளமாக ஓடலாம்.

1. முதலில் டாக்டர், அப்புறம்தான் ஷூ

வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நிவாரண இன்ஹேலர் தேவைப்படுகிறதா? ராத்திரியில் இருமலோ வீசிங்கோ தூக்கத்தைக் கெடுக்கிறதா? அப்படியானால் நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. ஓட்டத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். நிவாரண இன்ஹேலரான நீல நிற சால்புட்டமால் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரித்துவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது குறைக்காது. அதற்கு ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர் வேண்டும். 'இப்போதான் நல்லா இருக்கே' என்று அதை நிறுத்திவிடாதீர்கள். நம்மில் பலர் வழுக்குவது இங்கேதான்.

2. இன்ஹேலரைச் சரியாக எடுங்கள்

நான் பல வருடம் மருந்தை நாக்குக்கும் தொண்டைக்கும்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், நுரையீரலுக்குப் போனதே இல்லை. ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தி, மருந்தைத் தேக்கி இழுக்க உதவும் குழல்) வாங்கிய பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, ஸ்பேசரின் வாயை உதடுகளால் இறுக மூடுங்கள். ஒரே ஒரு முறை அழுத்தி, மெதுவாக, ஆழமாக இழுங்கள். பத்து எண்ணும்வரை அடக்கிப் பிறகு விடுங்கள். அடுத்த பஃப் வேண்டுமென்றால் அரை நிமிடமாவது கழித்து, மறுபடி குலுக்கி எடுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்பவும்.

ஓடுவதற்கு முன் பஃப் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதித் தந்திருந்தால், கிளம்புவதற்கு 10–15 நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள்.

3. உடம்பைச் சூடாக்குங்கள்

வேகமாக மூச்சு வாங்கும்போது உள்ளே போகும் காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. குழாய் உலர்ந்து சுருங்குவது அதனால்தான். எடுத்த எடுப்பில் ஓடாமல் 10–15 நிமிடம் நடந்து, நடுநடுவே சிறு சிறு ஓட்டம் சேருங்கள்.

4. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை

இருபது நிமிடம் இப்படியே போதும், வாரத்துக்கு மூன்று நாள். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். மெதுவாக ஓடும்போது மூக்கால் இழுங்கள், காற்று ஈரமாகி உள்ளே போகும். மூச்சு போதவில்லை என்றால் வாயையும் திறக்கலாம், தப்பில்லை.

5. நின்ற பிறகும் கவனம்

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஓடும்போது மூச்சு வாங்குவது எல்லோருக்கும் உள்ளது. நின்றால் சில நிமிடத்தில் அடங்கிவிடும். ஆஸ்துமா அப்படியில்லை. பலருக்கு நின்ற பிறகு ஐந்து, பத்து நிமிடத்தில்தான் நெஞ்சு இறுகி, விசில் சத்தமும் வறட்டு இருமலும் தொடங்கும். அதனால் பத்து நிமிடம் நடந்து ஆறிவிட்டு வண்டியை எடுங்கள்.

6. வீட்டில் இருக்க வேண்டிய நாட்கள்

போகி அன்று காலை நான் கதவையே திறப்பதில்லை. டயர் புகையும் பனியும் தரையோடு படிந்து கிடக்கும். தீபாவளிக்கு மறுநாளும் அப்படியே. சளி, காய்ச்சல் இருந்தால் முழுக்க ஓய்வு. முழங்கால் வலிக்கு ஆஸ்பிரினோ இபுபுரூஃபெனோ கடையில் வாங்கிப் போடுவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அவை இழுப்பைக் கிளப்பிவிடும்.

7. இழுப்பு வந்துவிட்டால்

உடனே நில்லுங்கள். 'அந்தக் கம்பம் வரைக்கும்' என்று இழுக்க வேண்டாம். படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, நிவாரண இன்ஹேலரை டாக்டர் சொன்ன அளவில் ஒவ்வொரு பஃப்பாக எடுங்கள். அடங்கவில்லை, பேச்சு துண்டு துண்டாக வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். இன்ஹேலர் வண்டிப் பெட்டியில் இருந்து பயனில்லை, இடுப்புப் பையில் இருக்கட்டும். உடன் ஓடுபவரிடம் அது எந்த ஜிப்பில் இருக்கிறது என்று முதல் நாளே காட்டிவிடுங்கள்.