ஆங்கில வீட்டுப்பாடம்: "இதைத் தமிழில் எப்படிச் சொல்வாய்?" என்று தொடங்குங்கள்

பள்ளி விட்டு வந்து வளவில் நோட்டை விரித்ததும் பிள்ளை கேட்பது, "இதுக்கு ஆன்சர் என்ன?" விடையைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மறுநாள் அதே இலக்கணத்தில் வேறு வாக்கியம் வந்தால் மறுபடியும் அதே கேள்விதான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் தமிழ் பேசி வளர்கிற பிள்ளைகளின் ஆங்கிலப் பிழைகளில் பல, தமிழில் சரியாக இருப்பதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதால் வருகிறவை. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதை நீ தமிழில் எப்படிச் சொல்வாய்?" அவன் சொல்லும் தமிழும் எழுதிய ஆங்கிலமும் எந்த இடத்தில் பிரிகின்றனவோ, அந்த இடத்தைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். வாய்விட்டுப் படித்துக் காதால் கேட்பது இந்த முறையில் பாதி வேலை.

எ, அன்: தமிழ் எழுத்தே அளவுகோல்

உயிரெழுத்துக்கு முன் 'அன்', மற்றதற்கு 'எ' என்று பிள்ளை மனப்பாடமாகச் சொல்லும். 'யூனிஃபார்ம்' வந்ததும் அதன் முதல் ஆங்கில எழுத்தைப் பார்த்து 'அன் யூனிஃபார்ம்' என்று எழுதிவிடும். விதி எழுத்துக்கு இல்லை, ஒலிக்கு. இதை விளக்கிக்கொண்டிருக்காமல் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். யூனிஃபார்ம் என்று 'யூ'வில் தொடங்கினால் அது உயிர்மெய்; 'எ' போட வேண்டும். ஆனஸ்ட், அவர் (ஒரு மணி நேரம்), எம்.எல்.ஏ. ஆகியவை உயிரில் தொடங்குகின்றன. 'அன்' போட வேண்டும்.

இந்த வழி சறுக்குவது நம் உச்சரிப்பால். எண் ஒன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 'ஒன்' என்று எழுதினால் விடை தப்பும். அதன் ஒலி 'வன்', எனவே 'எ வன்-ருபீ காயின்'. முட்டையை 'யெக்' என்பதும், மஞ்சள் நிறத்தை 'எல்லோ' என்பதும் நம் பக்கப் பேச்சு. சரியான ஒலி 'எக்', 'யெல்லோ'. முதலில் உச்சரிப்பைத் திருத்திவிட்டுப் பிறகு எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: அடுத்து வரும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும், பெயர்ச்சொல்லை அல்ல. 'எ ஹவுஸ்', ஆனால் 'அன் ஓல்ட் ஹவுஸ்'.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்: 'ன்னு' செய்யும் வேலை

பிள்ளைகள் அதிகம் திணறுவது இதில்தான். தமிழில் பிறர் பேச்சைச் சொல்ல, பேசியதை அப்படியே வைத்துக் கடைசியில் 'ன்னு' ஒட்டினால் போதும். "நாளைக்கு என் பேனாவை உனக்குத் தர்றேன்னு முத்து அக்காகிட்ட சொன்னான்." நாளைக்கு, என், உனக்கு, தர்றேன் எதுவும் மாறவில்லை. ஆங்கிலத்தில் எல்லாமே மாறும்.

முத்து செட் டு ஹிஸ் சிஸ்டர், "ஐ வில் கிவ் யூ மை பென் டுமாரோ."

முத்து டோல்ட் ஹிஸ் சிஸ்டர் தட் ஹி வுட் கிவ் ஹெர் ஹிஸ் பென் த நெக்ஸ்ட் டே.

ஐந்து மாற்றங்களையும் ஒரே மூச்சில் செய்யச் சொன்னால் குறைந்தது இரண்டு விட்டுப்போகும். பென்சிலால் இந்த வரிசையில் செய்யட்டும்:

1. மேற்கோள் குறிக்குள் மாறக்கூடிய ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு. இங்கே ஐந்து கோடு: ஐ, வில், யூ, மை, டுமாரோ.
2. ஐ, மை என்பவற்றின் மேல் 'முத்து' என்றும் யூ-வின் மேல் 'அக்கா' என்றும் தமிழிலேயே எழுதட்டும். பிறகு ஹி, ஹிஸ், ஹெர் தானாக வரும்.
3. 'செட்' இறந்த காலமா என்று பார்க்க வேண்டும். இறந்த காலம் என்றால் உள்ளே இருக்கும் வினை ஒரு படி பின்னால் போகும்: வில் என்பது வுட், ஆம் என்பது வாஸ், ஹேவ் என்பது ஹேட். 'செஸ்' என்றிருந்தால் காலம் மாறாது. சூரியன் கிழக்கில் உதிக்கும் என்பது போன்ற எக்காலத்துக்கும் பொருந்தும் உண்மைகளும் மாறுவதில்லை.
4. கடைசியாக நாளும் இடமும்: டுடே என்பது தட் டே, ஹியர் என்பது தேர்.

எழுதி முடித்ததும் கோடுகளை எண்ணிப் பார்க்கட்டும். ஐந்து கோட்டுக்கு நான்கு மாற்றம் இருந்தால் விடுபட்டது எது என்று அவனே கண்டுபிடிப்பான்.

கேள்வி வாக்கியத்தில் இரண்டு பிழை சேர்ந்தே வரும். "எங்க போறேன்னு கேட்டாங்க" என்பதிலும் 'ன்னு' இருப்பதால், பிள்ளை 'ஆஸ்க்ட் தட் வேர்' என்று ஒரு 'தட்' சேர்த்துவிடும். அடுத்து, கேள்வியின் சொல்வரிசையை மாற்றாமல் 'வேர் வாஸ் ஹி கோயிங்' என்று எழுதும். சரியானது: 'அப்பத்தா ஆஸ்க்ட் ஹிம் வேர் ஹி வாஸ் கோயிங்.' தட் கிடையாது, கேள்விக்குறி கிடையாது, ஹி முன்னால், வாஸ் பின்னால். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு மட்டும் நடுவில் 'இஃப்' வரும்.

பாஸிவ் வாய்ஸுக்கு ஆத்தங்குடிக் கல்

பாஸிவ் (செயப்பாட்டு வினை) ஆக மாற்றுமுன் 'எதை?' அல்லது 'யாரை?' என்று வினையைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வந்தால் மாற்றலாம். "குழந்தை தூங்கியது" என்பதில் எதைத் தூங்கியது என்று கேட்க முடியாது, அது மாறாது. தமிழ்ப் பாடத்தில் வரும் செயப்படுபொருள் குன்றிய வினை இதுதான் என்று நினைவூட்டினால் பிடித்துக்கொள்ளும்.

பேச்சுத் தமிழில் 'கட்டப்பட்டது' என்று யாரும் சொல்வதில்லை, "கட்டுனது" என்போம். அதனால் பிள்ளைக்கு இந்த அமைப்பு செயற்கையாகப் படும். எதற்கு இது என்று புரிய, யார் செய்தார் என்பது முக்கியமில்லாத வாக்கியங்களைக் கொடுங்கள். 'டீக் வாஸ் பிராட் ஃப்ரம் பர்மா.' நம் வீடுகளின் தூணுக்குத் தேக்கைக் கொண்டுவந்த கூலியாள் யார் என்பது இங்கே வேண்டியதில்லை. 'பை' போட்டு இழுக்கவும் தேவையில்லை.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் முறையை எழுதச் சொன்னால் நிகழ்கால பாஸிவ் நன்றாகப் பழகும்: 'எ மோல்ட் இஸ் ப்ளேஸ்ட் ஆன் எ கிளாஸ் ப்ளேட். கலர்ட் சிமென்ட் இஸ் போர்ட் இன்டு இட். ட்ரை சிமென்ட் அண்ட் சாண்ட் ஆர் ஸ்ப்ரிங்கிள்ட் ஓவர் இட். த டைல் இஸ் கெப்ட் இன் வாட்டர்.' மூன்றாவது வாக்கியத்தில் மட்டும் 'ஆர்' ஏன் வந்தது என்று கேளுங்கள். வினையின் மூன்றாம் வடிவத்தை மறப்பதைவிட, இந்த இஸ், ஆர் தவறுவதும் அதை முழுதாக விட்டுவிடுவதும்தான் அதிகம்.

சின்னச் சின்னதாக நான்கு

அப்பத்தா வந்தாங்க: 'அவங்க' என்ற மரியாதைப் பன்மை பிள்ளையை 'தே கேம்' என்று எழுத வைக்கும். ஆங்கிலத்தில் அப்பத்தாவும் 'ஷி' தான். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கை கூசும்.

"நேத்தே வந்திருக்கான்" தமிழில் சரி. 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' தவறு. நேற்று, போன வாரம், 2019-ல் என்று முடிந்த நேரம் குறிப்பிட்டிருந்தால் 'ஹேஸ்' வராது. 'ஹி கேம் யெஸ்டர்டே.'

"மழை பெஞ்சா" என்பதற்கு 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதுவார்கள். இஃப் இருக்கும் பாதியில் வில் வேண்டாம். மறு பாதியில் வரட்டும்.

க்வெஸ்டின் டேக்: தமிழில் எல்லா வாக்கியத்துக்கும் ஒரே 'இல்லையா' போதும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் 'இஸன்ட் இட்'. 'முத்து ப்ளேஸ் செஸ், டஸன்ட் ஹி?' என்பதில் துணைவினை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. வாக்கியத்தைக் கேள்வியாக்கினால் 'டஸ்' வெளியே வந்துவிடும். விதிவிலக்காக இரண்டு மனப்பாடம்: 'ஐ ஆம் லேட், ஆரன்ட் ஐ?', 'லெட்ஸ் கோ, ஷால் வீ?'

கவிதைக் கேள்விகள்

பத்தாம் வகுப்பு மாநிலப் பாடத்திட்டத்தில் ஆங்கிலத் தாள் 100 மதிப்பெண். அதில் ஐந்து மார்க் கேள்விகள் மட்டுமே 50. கவிதை நயத்தை விட்டுவிட்டு இலக்கணத்தை மட்டும் அரைத்துக்கொண்டிருந்தால் கட்டாது.

பழக இந்த நான்கு வரிகள் போதும்:

த லாம்ப் இஸ் லிட் பிஸைட் த டோர்,
த ரெயின் இஸ் அட் த கேட்;
இட் நாக்ஸ் அண்ட் நாக்ஸ் அண்ட் நாக்ஸ் வன்ஸ் மோர்,
அண்ட் டெல்ஸ் அஸ், "ஐ ஆம் லேட்."

ரைம் என்றால் இயைபு, அலிட்டரேஷன் என்றால் மோனை என்று சொன்னால் பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும். டோர், மோர் ஒரு ஜோடி. கேட், லேட் ஒரு ஜோடி. எனவே ரைம் ஸ்கீம் ஏ-பி-ஏ-பி. லாம்ப், லிட் இரண்டும் மோனை. 'நாக்ஸ்' ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'ந'தான். அதைக் 'கிங்' போன்ற சொல்லோடு மோனையாகச் சேர்க்கக் கூடாது. லவ், மூவ் கடைசியில் ஒரே எழுத்துகளைக் கொண்டவை, ஆனால் இயைபு இல்லை. ப்ளூ, ஷூ எழுத்தில் வேறு, ஒலியில் இயைபு. இங்கும் தமிழில் எழுதிப் பார்ப்பது உதவும். ஒரே ஒரு எச்சரிக்கை: புத்தகப் பையும் முதுகும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பேக்'. வல்லினத்தில் இரண்டு ஒலிகளுக்கு நமக்கு ஓர் எழுத்துதான். அங்கே காதை நம்புங்கள்.

சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம். லைக் அல்லது ஆஸ் என்ற உவம உருபு இருந்தால் பெரும்பாலும் சிமிலி. ஆனால் 'ஐ லைக் ரெயின்' என்பதில் உள்ள லைக் வினைச்சொல், ஏமாந்துவிடக் கூடாது. மனிதரல்லாததை மனிதர்போலச் செயல்பட வைக்கும் பெர்சானிஃபிகேஷனுக்குத் தமிழில் தற்குறிப்பேற்ற அணி என்று சிலர் சொல்லிக்கொடுப்பது சரியில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில் கொடிகள் கோவலனை வராதே என்று கைகாட்டுவது போல அசைகின்றன. இயல்பாகக் காற்றில் ஆடும் கொடிக்குக் கவிஞர் தாமாக ஒரு காரணம் ஏற்றுகிறார். அதனால் அது தற்குறிப்பேற்றம். மேலே உள்ள மழை வந்து கதவைத் தட்டிப் பேசுகிறது. மனிதச் செயல் இருக்கிறது, அவ்வளவே. அதனால் பெர்சானிஃபிகேஷன்.

அணியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாமல், எது, என்ன செய்கிறது என்று ஒரு வரி சேர்க்கப் பழக்குங்கள்: 'த ரெயின் இஸ் பெர்சானிஃபைட். இட் நாக்ஸ் அண்ட் ஸ்பீக்ஸ் லைக் எ விஸிட்டர்.'

பத்தி விடை

இதில் ஆங்கிலம் தெரியாத அப்பத்தாவும் உதவலாம். புத்தகத்தை மூடிவைத்துக் கதையைத் தமிழில் அவரிடம் சொல்லட்டும். "அப்புறம்?", "ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று அவர் கேட்கிற இடங்களே விடையின் வரிசை. சொல்ல முடியாத பிள்ளை கைடைப் பார்த்து எழுதப்போகிறது என்று அர்த்தம். பிறகு ஒரு தமிழ் வாக்கியத்துக்கு ஓர் ஆங்கில வாக்கியம், எட்டுச் சொல்லுக்குள். நீண்ட வாக்கியத்தில்தான் எழுவாய் தொலையும். மொபைல் மொழிபெயர்ப்பும் அங்கேதான் தவறும். எழுவாய் இல்லாத தமிழ் வாக்கியத்தைக் கொடுத்தால் ஆணா பெண்ணா என்று தானே ஊகித்துக்கொள்ளும். கதையை இறந்த காலத்தில் தொடங்கினால் அதிலேயே முடிக்க வேண்டும்.

ரோடு மேப் கேள்வி இரண்டு மார்க்தான், ஆனால் வீணாகப் போகும். படத்தில் கீழ்நோக்கி நடக்கும்போது பிள்ளை தாளின் இடப்பக்கத்தையே 'லெஃப்ட்' என்று எழுதிவிடும். நடக்கிற திசை எப்போதும் மேலே இருக்கும்படி தாளைத் திருப்பிவைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் 'டர்ன் லெஃப்ட்', 'கோ ஸ்ட்ரெயிட்' என்று அவனே வழிசொல்லட்டும்.

திருத்தும்போது ஒரு நாளைக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் பிடியுங்கள். சிவப்பு மையால் நோட்டு முழுக்கக் கிறுக்கினால் எதுவும் மனதில் நிற்காது. தவறான சொல்லை அழிக்காமல் மேலே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதட்டும்; அடுத்த வாரம் புரட்டும்போது எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும்.