ஹோமில் இருக்கும் அம்மாவைப் பார்க்க டர்பன் வருகிறவர்களுக்கு

டிசம்பர் விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வருகிற நம்மவர்களின் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். கோயில், கல்யாண வீடு, கடற்கரை, பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பிய டர்பன் சாப்பாடு). கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில், இருக்கும் அம்மாவையோ பெரியப்பாவையோ எட்டிப் பார்ப்பது. அந்தக் கடைசி வேலையை முதல் வேலையாக்குங்கள். அங்கே ஏதாவது சரியில்லை என்று தெரிந்தால், அதைக் கவனிக்க உங்கள் கையில் நாட்கள் மிச்சம் இருக்க வேண்டும்.

உள்ளூரில் இருக்கும் தங்கையோ மச்சானோ வாராவாரம் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் அடிக்கடி பார்க்கிற கண்ணுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இளைப்பது தெரியாது. ஒரு வருஷம் கழித்து வருகிற உங்களுக்குத் தெரியும். உங்கள் பலம் அது. பலவீனமும் ஒன்று உண்டு: நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், தான் இங்கேயேதான் இருக்க வேண்டும் என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் "எல்லாம் நல்லா இருக்கு, நீ சாப்பிட்டியா?" என்றுதான் சொல்வார். அந்தப் பதிலை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள்.

முதல் தடவை சொல்லாமல் போங்கள். பார்வை நேரத்துக்குள்தான், ஆனால் போன் பண்ணாமல். முன்கூட்டியே சொன்னால் தலை வாரி, பவுடர் போட்டு, வரவேற்பறையில் உட்கார வைத்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் நல்லது. இன்னொரு நாள் மாலை ஏழு மணியை ஒட்டிப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் ஏழுக்கு ஏழு என்று பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஆள் மாறும் அந்த நேரத்தில்தான் ஒரு ஹோமின் உண்மையான நிலைமை தெரியும். மணியை அடித்தால் யாராவது வருகிறார்களா, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். ஒரு அறையில் மூத்திர வாடை அடித்தால், அங்கே யாருக்கோ இப்போதுதான் பேட் நனைந்திருக்கும். எப்போது போனாலும் கட்டடம் முழுக்க அடித்தால், மாற்றுவதில்லை என்று அர்த்தம். டர்பனில் தண்ணீர் நின்றுபோவது புதிதல்ல. ஜோஜோ டேங்க் (பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா, அதில் தண்ணீர் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

உடம்பில் பார்க்க வேண்டியவை

வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி மெலிந்துபோயிருக்கும். முன்கையிலும் புறங்கையிலும் ஊதா நிறத் திட்டுகள் சும்மாவே வரும். ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். அதைப் பார்த்ததும் மேட்ரனிடம் (ஹோமின் தலைமை நர்ஸிடம்) சண்டைக்குப் போக வேண்டாம். கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு: மேற்கையின் உள்பக்கம், கழுத்து, காது, மார்பு, முதுகு, உள்தொடை. விரல் பதிந்த மாதிரி வரிசையாகத் தெரியும் கன்றல், இரண்டு மணிக்கட்டிலும் வளையம் போன்ற தடம், ஒரே நேரத்தில் வேறு வேறு நிறத்தில் பழையதும் புதியதுமாகக் காயங்கள் இருந்தால் கேள்வி கேளுங்கள். எப்படி ஆனது என்று கேர்கிவரிடம் தனியாக, சிஸ்டரிடம் தனியாக, அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். மூன்று பேரும் மூன்று கதை சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டார் என்றால், விழுந்த அன்றே அது பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், காட்டச் சொல்லுங்கள்.

படுக்கைப்புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எழுந்து நடமாட முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். அது நடக்காவிட்டால் முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் முதலில் தோல் கெடும். வெளிநாட்டுக் கையேடுகளில் "சிவப்பாகத் தெரியும், அழுத்தினால் வெளுக்காது" என்று போட்டிருப்பார்கள். அது வெள்ளைத் தோலுக்கு எழுதினது. நம் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா படர்ந்தோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, அந்த இடத்தில் வலிக்கிறதா என்று பாருங்கள். தோல் உடைந்து புண்ணாகும் வரை காத்திருக்க வேண்டாம். மகன் பார்க்க அம்மாக்கள் கூச்சப்படுவார்கள். அக்காவையோ மருமகளையோ கூட்டிப் போங்கள். போர்வையைத் தூக்கிக் குதிகாலைப் பார்ப்பதற்கு மட்டும் யாரும் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் வாய். நாக்கு வறண்டு வெடித்திருந்தால், மூத்திரம் கடும் மஞ்சளாக இருந்தால், தண்ணீர் போதவில்லை. ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில் இது சீக்கிரமே ஆபத்தாகும். குடம் மேசைமேல் இருக்கும். ஆனால் கைக்கு எட்டுமா? பல் செட் தொளதொளவென்று ஆடினால் எடை குறைந்திருக்கலாம். எடைப் பதிவேட்டைக் கேட்டு, ஆறு மாத எண்களை வரிசையாகப் படியுங்கள். கண்ணாடியும் காது மிஷினும் இழுப்பறையில் கிடந்தால், போட்டுவிட ஆளில்லை என்று பொருள். இது அடிப்பது உதைப்பது இல்லைதான், ஆனால் அலட்சியமும் கொடுமைதான். தென்னாப்பிரிக்கச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது.

காலை பதினொரு மணிக்குப் போகும்போதும் அம்மா தூங்கி வழிகிறாரா? மருந்துச் சார்ட்டைக் கேளுங்கள். ஹாலோபெரிடால், குவெடியாபின், லோராசெபாம் போன்ற பெயர்கள் புதிதாக ஏறியிருந்தால், எந்த டாக்டர், எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்று கேளுங்கள். மறதி நோய் உள்ளவர்கள் இரவில் கத்துகிறார்கள், நடக்கிறார்கள் என்பதற்காக இவற்றைக் கொடுத்து அடக்கிப் படுக்க வைக்கிற இடங்கள் உலகம் முழுக்க உண்டு. இவற்றில் முதல் இரண்டும் சித்தபிரமைக்கான மருந்துகள். மறதி நோயாளிகளுக்கு அவை மரண ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லும் 2008-லும் எச்சரித்திருக்கிறது. திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றும் காரணமாக இருக்கலாம். அதை முதலில் சோதித்தார்களா?

மனசில் படும் அடி

வாழ்நாள் முழுக்கப் புரட்டாசி விரதம் இருந்தவருக்கு அந்த மாதம் தட்டில் கோழி வைக்கிற இடம் இருக்கிறது. அது சமையல்காரர் அறியாமல் செய்ததாக இருக்கலாம். சொன்ன பிறகும் தொடர்ந்தால் அறியாமை இல்லை. விருப்பமான சமய நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வது ஹோமில் இருப்பவரின் சட்ட உரிமை. ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்குக் கோயிலுக்குக் கூட்டிப்போகக் குடும்பம் வந்து நிற்கும்போது, காரணம் சொல்லாமல் தடுக்க முடியாது.

இன்னொரு விஷயம் நம் சமூகத்துக்கே உரியது. ஐம்பது வருஷம் ஆங்கிலத்திலேயே பேசிய பாட்டிகள், மறதி முற்றும்போது சின்ன வயதுத் தமிழுக்குத் திரும்பிவிடுவதுண்டு. "தண்ணி" என்று கேட்டால் ஜூலு பேசும் கேர்கிவருக்குப் புரியாது. பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைப்பார். தண்ணி, வலிக்குது, ஒண்ணுக்கு, குளிருது என்று பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில், அர்த்தத்தோடு ஒரு அட்டையில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். நீங்கள் கொண்டுவரும் சாக்லேட்டைவிட அது உபயோகம்.

பேச வைக்க "யாராவது அடிக்கிறாங்களா?" என்று கேட்டுப் பயனில்லை. தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், "ராத்திரி யார் வேலைக்கு வருவாங்க? அவங்க எப்படி?" என்று ஆரம்பியுங்கள். ஒரு பெயரைச் சொல்லும்போது குரல் தாழ்கிறதா, ஒருவர் அறைக்குள் வந்ததும் பேச்சு நிற்கிறதா என்று பாருங்கள். உங்களைத் தனியாக உட்கார விடாமல் யாராவது சுற்றிச் சுற்றி வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பொருள் காணாமல் போனால் உடனே கறுப்பினக் கேர்கிவர்மேல் விரல் நீட்டுவது நம் ஆட்களுக்குப் பழகிப்போன கெட்ட பழக்கம். குறைந்த சம்பளத்தில், இரண்டு மினிபஸ் டாக்சி மாறி வந்து, உங்கள் அம்மாவை "கோகோ" (ஜூலுவில் பாட்டி) என்று கூப்பிட்டுக் குளிப்பாட்டுகிறவர் பெரும்பாலும் அவர்தான். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களில் மூன்றில் இரண்டு பேர், முந்தைய ஓராண்டில் தாங்களே ஏதோ ஒருவிதக் கொடுமை செய்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனை பேரும் கெட்டவர்களாக இருக்க முடியாது. ஆள் பற்றாமல், களைத்துப்போய்க் கை ஓங்குகிறவர்களும் அதில் உண்டு. எனவே ராத்திரி ஒரு கேர்கிவருக்கு எத்தனை முதியவர்கள் என்று கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

பணம்

பண விஷயத்தில் ஹோமைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். சாசா (அரசின் சமூக உதவித்தொகை நிறுவனம்) தரும் முதியோர் உதவித்தொகை அட்டை யார் பையில் இருக்கிறது? பின் நம்பர் யாருக்குத் தெரியும்? மாதாமாதம் எடுக்கிற பணத்தில் அம்மாவுக்கு ஒரு சோப்பாவது வருகிறதா? சாட்ஸ்வொர்த் வீட்டைப் பேரன் பெயருக்கு எழுதிவைக்கச் சொல்லி யாராவது நெருக்குகிறார்களா? அரசோடு ஒப்பந்தம் உள்ள இல்லத்தில் சேர்ந்தால், நான்கு மாதத்துக்குப் பிறகு உதவித்தொகை கால் பங்காகக் குறையும். அது விதி, திருட்டு அல்ல. சந்தேகம் இருந்தால் சாசாவின் இலவச எண் 0800 60 10 11.

"பவர் ஆஃப் அட்டர்னி என்னிடம் இருக்கிறது" என்று உறவினர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் இருப்பதுபோல், புத்தி தடுமாறிய பிறகும் செல்லும் பவர் ஆஃப் அட்டர்னி தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் கிடையாது. அம்மாவுக்கு மறதி முற்றி முடிவெடுக்க முடியாத நிலை வந்ததுமே அந்தப் பத்திரம் செல்லாது. அவர் சார்பில் சொத்தைக் கவனிக்க உயர் நீதிமன்றம் நியமிக்கும் கியூரேட்டர் (பொறுப்பாளர்) வேண்டும், அல்லது மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் நியமிக்கும் நிர்வாகி வேண்டும். அம்மா தெளிவாக இருக்கும்போதே இதைப் பற்றி ஒரு வக்கீலிடம் பேசிவிடுவது புத்திசாலித்தனம். காசு இல்லாதவர்களுக்கு லீகல் எய்ட் இருக்கிறது.

சந்தேகம் உறுதியானால்

2006-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் முதியோர் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு முதியவர் கொடுமைக்கு ஆளாகிறார் என்று சந்தேகப்படுகிற எவரும் சமூக மேம்பாட்டுத் துறைக்கோ போலீசுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அதன் 26-ஆம் பிரிவு. நிரூபித்துக்கொண்டு வா என்று யாரும் சொல்ல முடியாது, சந்தேகமே போதும். உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ் அவசர எண் 10111. உடலில் காயம் இருந்தால் வழக்குப் பதிவு செய்து, டாக்டரிடம் ஜே 88 படிவத்தை (காயங்களைப் பதிவு செய்யும் மருத்துவப் படிவம்) நிரப்பி வாங்குங்கள். ஆறிப்போன காயத்தை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. போட்டோவைத் தேதியோடு எடுங்கள், அம்மாவின் சம்மதத்தோடு எடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.

அவசரம் இல்லாத குறைகளுக்கு முதலில் மேட்ரன், பிறகு நிர்வாகக் குழு, எல்லாம் எழுத்தில். ஹோமில் இருப்பவர்களுக்கான கமிட்டி ஒன்று இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழையும் காட்டச் சொல்லுங்கள். 2016-இல் ஹௌடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தின் மருத்துவமனைகளிலிருந்து மனநோயாளிகளை இடம் மாற்றியபோது 144 பேர் இறந்தார்கள். அவர்களை ஏற்றுக்கொண்ட அமைப்புகளிடம் முறையான உரிமமே இல்லை என்று சுகாதார ஒம்புட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) அறிக்கை சொன்னது. சான்றிதழைக் கேட்பது அவமரியாதை என்று நினைக்கிற நிர்வாகம் இருந்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

புகார் கொடுத்தால் அம்மாவை வெளியே தள்ளிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இடமாற்றவோ வெளியேற்றவோ குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். பெட்டி கட்டுவதற்கு முன்னால் உள்ளூரில் ஒருவரை அம்மாவின் பிரதிநிதியாக எழுத்தில் நியமித்து, ஹோமுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அந்த உரிமையும் சட்டத்திலேயே இருக்கிறது. பணத்தைக் கையாளும் உறவினரே அந்த ஆளாகவும் இருக்க வேண்டாம். கோயில் கமிட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரோ நர்ஸோ கிடைத்தால் நல்லது. நீங்கள் போன பிறகு முதல் வாரத்திலேயே, சொல்லாமல், அவர் ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும்.