நாடு மாறினாலும் இருட்டறையை விட வேண்டாம்

வேறு நாட்டுக்குக் குடிபெயரும்போது, நெகட்டிவிலிருந்து படத்தைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடும் என்லார்ஜரை விற்றுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். விற்காதீர்கள். லென்ஸையும் நெகட்டிவைப் பிடித்துவைக்கும் நெகட்டிவ் கேரியரையும் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். எடை தொல்லை என்றால் விளக்குள்ள தலைப்பகுதியையும் அதைத் தாங்கும் தூணையும் மட்டும் கொண்டுபோனாலும் போதும், அடிப்பலகையை அங்கே செய்துகொள்ளலாம்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். 120 வோல்ட் பல்பை 230 வோல்ட்டில் போட்டால் அந்த நொடியே போய்விடும். 230 வோல்ட் பல்பை 120 வோல்ட்டில் போட்டால் வெளிச்சம் மங்கிச் சிவந்துவிடும், ஒளியின் நிறத்தைப் பொறுத்து நடந்துகொள்ளும் மல்டிகிரேடு தாளில் கான்ட்ராஸ்ட் (கறுப்பு வெள்ளை வேறுபாடு) மாறிவிடும். பல்பை மட்டும் மாற்றினால் போதுமா, டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமா என்பதை என்லார்ஜரின் பெயர்த்தகட்டைப் படித்து முடிவு செய்யுங்கள்.

என்லார்ஜர் விளக்கு எரியும் நேரத்தை அளக்கும் டைமரைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். மோட்டாரில் ஓடும் பழைய டைமர் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை, அதாவது அலைவெண்ணைப் பின்பற்றும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 10 விநாடி 12 விநாடியாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது. இசைக்காரர்கள் தாளத்துக்கு வைக்கும் மெட்ரோனோமை வைத்து எண்ணுவதே எனக்குப் பிடித்த வழி.

ரசாயனங்களை எடுத்துச் செல்லாதீர்கள், போய்ச்சேர்ந்த இடத்தில் வாங்குங்கள். ஃபிலிம் கழுவும் டெவலப்பர்களான டி-76, ஐடி-11 இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் கிடைப்பதை வாங்கலாம், பழைய நேரக் குறிப்புகள் அப்படியே உதவும்.

கழுவாத ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. கைப்பைக்கும் இப்போது பல விமான நிலையங்களில் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது, அது ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள்.

புது ஊரின் தண்ணீர் கடினமாக இருந்தால் நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் காயும். கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர் போதும்.