ஜெல்லில் தெரிகிறது, கையில் கிடைப்பதில்லை: ஈ.கோலையில் மருந்துப் புரதம் தயாரிக்கும்போது நடக்கும் தவறுகள்

ஈ.கோலை பாக்டீரியாவை வைத்துப் புரதம் தயாரிக்கும்போது, புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தடித்த பட்டையைப் பார்த்ததும் வேலை முடிந்ததென்று நினைப்பதுதான் முதல் தவறு. எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் எல்லாமே கரைந்துவிடும். செல்லுக்குள் கட்டிதட்டிக் கிடந்த புரதமும் ஜெல்லில் ஒழுங்காக ஓடும். செல்லை உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிவையும் அடியில் படிந்த பெல்லட்டையும் அடுத்தடுத்த லேனில் ஓட்டிப் பாருங்கள். பட்டை பெரும்பாலும் பெல்லட் பக்கம்தான், அதாவது கரையாத பக்கம்தான், இருக்கும்.

காரணம் அவசரம். ஜீனை வேகமாக இயக்கும் டி7 புரமோட்டர், 37 டிகிரி, புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஐபிடிஜி 1 மில்லிமோலார் என்று பழக்கத்தில் போட்டுவிடுகிறோம். புரதச் சங்கிலி மடிவதற்கு முன்பே அடுத்தது வந்து ஒட்டிக்கொள்கிறது. 16–18 டிகிரியில், 0.1 மில்லிமோலார் அளவில், இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். இதிலும் ஒரு சின்னச் சறுக்கல் உண்டு. குடுவையை ஆட்டும் ஷேக்கரை 18 டிகிரிக்கு மாற்றிய கையோடு ஐபிடிஜியை ஊற்றிவிடுவார்கள். குடுவையைத் தொட்டால் இன்னும் வெதுவெதுவென்று இருக்கும்! ஒரு லிட்டர் கல்ச்சர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. ஐஸில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

புரதத்தின் வடிவத்தைப் பூட்டிவைக்கும் டைசல்ஃபைடு பிணைப்பை மறப்பது அடுத்தது. ஈ.கோலையின் சைட்டோபிளாசத்தில் (செல்லின் உட்பகுதி) அந்தப் பிணைப்பு எளிதில் உருவாகாது. அதனால்தான் ஆன்டிபாடித் துண்டுகளை இரண்டு சவ்வுகளுக்கும் இடையிலுள்ள பெரிபிளாசத்துக்கு அனுப்புகிறார்கள். இல்லையென்றால் சைட்டோபிளாசத்திலேயே அந்தப் பிணைப்பு உருவாகும்படி மாற்றிய ஷஃபிள் மாதிரியான ஈ.கோலை ஸ்ட்ரெயினைப் பிடிக்கிறார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, சுத்திகரிக்கும் பஃபரில் அந்தப் பிணைப்பை உடைக்கும் டிடிடியை வழக்கம்போலச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

எளிதில் கரையும் எம்பிபி என்ற புரதத்தை டேக்காக ஒட்டினால் நம் புரதமும் கரைந்துவிடும் என்பது பாதி உண்மை. டேக் தூக்கிப் பிடித்திருக்கும் வரை கரைசல் தெளிவாக நிற்கும். டேக்கை டெவ் புரோட்டியேஸ் என்ற நொதியால் வெட்டியதும் குழாய் பால் போலக் கலங்கும். வெட்டும் முன்பே, அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் ஃபில்ட்ரேஷனில் ஓட்டுங்கள். எல்லாம் வாய்ட் வால்யூமில், அதாவது மிகப் பெரியவை முதலில் வெளிவரும் பகுதியில், வந்தால், கரைந்ததாகத் தெரிவதும் திரட்சிதான்.

சில புரதங்களுக்கு ஈ.கோலையே சரியான இடமல்ல. ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயடின் உடலில் நிலைக்கச் சர்க்கரைக் கிளைகள் வேண்டும், அதனால் அதை சிஹெச்ஓ (சீன வெள்ளெலியின் கருப்பை) செல்களில் தயாரிக்கிறார்கள். வெள்ளணுக்களைப் பெருக்கும் ஃபில்கிராஸ்டிமுக்கு அவை தேவையில்லை, ஈ.கோலை போதும். அதுவும் இன்க்ளூஷன் பாடியாக, அதாவது செல்லுக்குள் கட்டிதட்டிய புரதமாக, வந்து, வெளியே மறுபடி மடிக்கப்படுவதுதான். ஆக, பெல்லட்டில் போனதைக் கீழே கொட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

கடைசியாக, என் சொந்த முட்டாள்தனம். நாங்கள் தயாரித்த சைட்டோகைன் (செல்களுக்குச் சைகை தரும் புரதம்) மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களை அருமையாகத் தூண்டியது, இரண்டு வாரம் குதூகலம். எண்டோடாக்ஸினை நீக்கியிருந்தோமா? இல்லை. ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும், மேக்ரோஃபேஜைத் தானே தூண்டிவிடும் இந்தப் பொருள், சுத்திகரிக்கும் நிக்கல் குழாயையும் (column) தாண்டிப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். நீராவியால் கிருமி நீக்கும் சாதாரண ஆட்டோகிளேவுக்கும் பெரிதாக அசையாது. கண்ணாடிப் பொருட்களை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். சந்தேகப்பட்ட ஒரு சீனியர், புரதத்தைக் கொதிக்க வைத்துவிட்டு அதே சோதனையைச் செய்யச் சொன்னார். புரதம் செத்திருக்க வேண்டும். செல்கள் முன்பு போலவே துள்ளின.