நெல்லைச் சீமையில் தோல்பாவை சேகரிப்போர் கவனத்திற்கு

விளக்கொளியில் திரைக்குப் பின்னிருந்து ஆட்டப்படும் தோல் பொம்மைகளான தோல்பாவைகளைச் சேகரிக்க விரும்புவோர், வாங்குவதற்கு முன், கோயில் கொடை விழாக்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும் ஊரை விசாரித்துச் சென்று, ஓர் இரவாவது திரைக்கு முன்னும், அனுமதி பெற்றுத் திரைக்குப் பின்னும் அமர்ந்து பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் மராத்தி பேசும் கணிகர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் நடத்திவரும் இக்கலையில், ஒரே இராமனுக்கு முடிசூடிய கோலத்தில் ஒரு பாவையும் மரவுரி தரித்த கோலத்தில் வேறொரு பாவையும் இருக்கும் என்பதால், பாத்திரத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது; எந்தக் கட்டத்தில் அது திரையேறும் என்பதையும் கலைஞரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் விட்டுவிடாதீர்கள். இராமாயணத்தில் இல்லாத இந்த இருவரும் உள்ளூர்ப் பேச்சில் நையாண்டி செய்யும்போதுதான், தூங்கி வழியும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

பாவையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். மயிர் நீக்கிச் சுரண்டி மெலிதாக்கிய ஆட்டுத்தோல் ஒளியை ஊடுருவ விடும். சாயம் இருபுறமும் தெரியும். அணிகலன்கள் வரும் இடங்களில் சிற்றுளியால் இட்ட துளைகள் புள்ளிகளாக ஒளிரும். தோளிலும் முழங்கையிலும் நூல் முடிச்சு, நடுவே பிளந்த மூங்கில் குச்சி, கைபட்டுக் கறுத்த பிடி ஆகியவை இருந்தால், பெரும்பாலும் அது மேடையில் ஆடிய பாவைதான். ஒருபுறம் மட்டும் தீட்டிய தடித்த தோல் சுவரில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டது. வாங்கலாம், ஆனால் அலங்காரப் பொருளின் விலைக்கு.

இன்றும் கூத்து நடத்தும் குழுவிடம் பழைய பாவையைக் கேட்பதைக் காட்டிலும், புதிதாக ஒன்றைச் செய்து தரச் சொல்வதே முறை என்பது என் கருத்து. பெட்டியில் ஒரு பாவை குறைந்தால் ஒரு காட்சியே நின்றுபோகும்.

கேரளத்தில் மான்தோல் பாவைகளும் இருந்தன. மான்தோல் வணிகம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகையால், அவற்றை யார் நீட்டினாலும் வாங்கக் கூடாது.

குற்றாலச் சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கத்து ஈரக்காற்று தோலைத் துவளச் செய்து பூஞ்சையை வரவழைக்கும். பாவைகளைப் பிளாஸ்டிக் உறையில் இடாமல், துவைத்துலர்ந்த பழைய வேட்டித் துணியை இடையிடையே விரித்துக் கிடைமட்டமாக அடுக்கி, வசம்பைத் தனித் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வையுங்கள். எண்ணெய் தடவுவதும் லேமினேஷன் செய்வதும் ஆகாது. ஈரம் ஏறிய பாவையை வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். காற்றோட்டமான நிழலில் விரித்து ஆறவிடுவதே போதுமானது.